மனப்பாட விஞ்ஞானமும் புராணமே

நமது நாட்டில் இப்போது பள்ளிக்கூடம் இல்லாத ஊர் அபூர்வம். விஞ்ஞானப் பாடம் இல்லாத பள்ளிக்கூடம் அதைவிட அபூர்வம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "மழை எப்படியப்பா பெய்கிறது?" என்று கேட்டால், வருண பகவான் பெய்விக்கிறான் என்று அது சொல்லாது. கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, குளிர்ந்து மழையாய் விழுகிறது என்று தடங்கலில்லாமல் ஒப்புவிக்கும். இதைக் கேட்டுப் பகுத்தறிவுக்காரர்களாகிய நாமும் பூரித்துப் போகின்றோம். வருணன் ஒழிந்தான், விஞ்ஞானம் வந்துவிட்டது என்று மேடையேறிச் சொல்லுகின்றோம்.

ஆனால் அதே பிள்ளையிடம், "ஆவி குளிர்ந்து நீராவதை நீ ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கிறாயா? உன் வீட்டுச் சோற்றுப் பானையின் மூடியில் முத்து முத்தாய் நிற்கும் நீருக்கும் மழைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று சொல்லும். பாட்டன், "புராணத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது" என்றான். பேரன், "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்கிறான். புத்தகம் மாறியிருக்கின்றதே தவிர புத்தி மாறியிருக்கின்றதா என்பதுதான் நாம் இன்று கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்வி என் தலையில் தானாக உதித்ததல்ல. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையிடம், ஒரு பொதுக்கூட்டத்தில், ஊராருக்கு முன்னால் நான் குட்டுப்பட்ட பிறகு வந்தது. அந்தச் சங்கதியை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் டெங்குக் காய்ச்சல் பரவியிருந்தது. அம்மன் கோபித்துக் கொண்டாள் என்று வீட்டுக்கு வீடு பணம் பிரித்துக் கூழ் ஊற்றினார்கள். அதைக் கண்டிக்க நமது தோழர்கள் ஒரு கூட்டம் போட்டு என்னை அழைத்திருந்தார்கள். நான் ஒரு மணி நேரம் வெளுத்துக் கட்டினேன். "காய்ச்சல் அம்மனால் வருவதல்ல, கொசுவால் வருவது. கொசு எங்கே இருந்து வருகிறது? சாக்கடை அழுகலில் இருந்து உண்டாகிறது. கூழுக்குப் பிரித்த பணத்தில் சாக்கடையை வாரியிருந்தால் காய்ச்சல் வந்திருக்குமா?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல்.

கைதட்டல் அடங்கியதும், முன்னால் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை எழுந்தது.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. டெங்குக் கொசு சாக்கடையிலே இல்லீங்க. நல்ல தண்ணியிலேதானுங்க முட்டை போடுது. அழுகல்லே இருந்து கொசு உண்டாகிறதும் இல்லீங்க."

நமது தோழர் ஒருவர், "பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, உட்காரம்மா" என்று அதட்டினார். எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி கேட்கச் சொல்லி ஊர் ஊராய்ப் பேசுகிறவன், கேள்வி கேட்ட குழந்தையை உட்கார வைத்தால் அதைவிட வெட்கக்கேடு வேறு என்ன? ஆகையால், "எந்தப் புத்தகத்திலே அம்மா படித்தாய்?" என்று கேட்டேன்.

"புத்தகத்திலே இல்லீங்க ஐயா. பாட்டில்லே பார்த்தோமுங்க."

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்திற்கே போய்ப் பார்த்தேன். விஞ்ஞான உபாத்தியாயினி ஒரு இளம் பெண். பள்ளிக்கூடத்தின் பின்புறம் நிழலில், வாய் அகன்ற நான்கு பழைய பாட்டில்களைப் பிள்ளைகளைக் கொண்டே வைத்திருந்தார். இரண்டில் துணியில் வடிகட்டிய கிணற்று நீர், இரண்டில் வடிகட்டிய சாக்கடை நீர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு வாய் திறந்திருந்தது, மற்றொன்றுக்குச் சல்லாத் துணி கட்டியிருந்தது. தினமும் காலையில் பிள்ளைகள் பார்த்து நோட்டில் எழுதினார்கள். துணி கட்டிய இரண்டிலும் ஒரு புழுவும் இல்லை; அழுகல் நீராய் இருந்தும் இல்லை. திறந்திருந்த இரண்டிலும் சில நாளில் புழுக்கள் நெளிந்தன. உடனே அவற்றுக்கும் துணி கட்டிவிட்டார்கள். புழு கூட்டுப்புழுவாயிற்று, கூட்டுப்புழுவில் இருந்து கொசு வந்து துணிக்குள்ளேயே நின்றது. சாக்கடை நீரில் இருந்து வந்தது பழுப்பு நிறம். கிணற்று நீரில் இருந்து வந்தது கறுப்பு, காலில் வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளைப் பட்டைக்காரன்தான் டெங்குவைப் பரப்புகிறவன்.

சாக்கடைக் கொசுவும் யோக்கியனல்ல, அது யானைக்கால் நோயைப் பரப்பும். ஆகையால் சாக்கடையையும் வாரத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊரார் என் பேச்சை நம்பிச் சாக்கடையை மட்டும் வாரிவிட்டு, வீட்டுத் தொட்டியையும் கொட்டாங்கச்சியையும் பழைய டயரையும் அப்படியே விட்டிருந்தால் காய்ச்சல் நின்றிருக்குமா? கூழ் ஊற்றியும் நிற்கவில்லை, பகுத்தறிவுக்காரன் பேசியும் நிற்கவில்லை என்று ஆகியிருக்கும். அந்தக் கொசு தன் முட்டையை நீர் மட்டத்துக்கு மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கிறது. எனவே தொட்டி நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் அன்றுதான் அந்தப் பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்டேன்.

நிற்க. நான் செய்த குற்றம் என்ன? தகவலில் ஒரு பிசகு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எங்கோ படித்ததை, யாரோ சொன்னதை, ஒரு நாளும் குனிந்து பார்க்காமல், பார்த்தவனைப்போல் ஊராருக்குச் சொன்னேன். புராணப் பிரசங்கியும் இதையேதான் செய்கிறான். அழுகலில் இருந்து கொசு உண்டாகிறது என்பது, வேர்வையில் இருந்து பிள்ளை பிறந்தது என்ற கதைக்கு எந்த விதத்தில் உயர்ந்தது?

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. இறைச்சியில் இருந்து புழு தானாய் உண்டாகிறது என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் காலத்தில் இருந்து சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் படித்த மேதாவிகளெல்லாம் நம்பினார்கள். இத்தாலி தேசத்து வைத்தியர் பிரான்சிஸ்கோ ரெடி என்பவர் 1668-ல் வெளியிட்ட நூலில் அதை உடைத்தார். எதைக் கொண்டு? இறைச்சியைச் சில ஜாடிகளில் திறந்து வைத்தார். சில ஜாடிகளை மெல்லிய துணியால் மூடி வைத்தார். திறந்ததில் ஈ உட்கார்ந்தது, புழு வந்தது. மூடியதில் இறைச்சி அழுகியதே தவிரப் புழு வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பாண்டித்தியத்தை ஒரு முழத் துணி கவிழ்த்துவிட்டது. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். அந்தக் கெட்ட காற்றைக் காலி பண்ணியதும் கண்ணும் கையும்தான். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற வைத்தியர், நோயாளியின் இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மலேரியாக் கிருமி அங்கே வளர்வதைக் கண்டார்.

நமது உபாத்தியாயினி செய்ததும் ரெடி செய்ததும் ஒரே காரியம். வித்தியாசம், ரெடியைப் பற்றி நமது பிள்ளைகள் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அவர் செய்ததை மட்டும் செய்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் நடப்பது என்ன?

விஞ்ஞானச் சாமான்கள் பல பள்ளிக்கூடங்களில் பீரோவில் இருக்கின்றன. பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவி தலைமை உபாத்தியாயரிடம் இருக்கிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அது திறக்கப்படுவதில்லை. கர்ப்பக் கிரகம் போல, அதிகாரி வரும் நாளில் மட்டும் தரிசனம். ரிக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. செய்து பார்த்ததை எழுதத்தான் அது ஏற்பட்டது. ஆனால் சென்ற ஆண்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து இந்த ஆண்டுப் பிள்ளை எழுதுகிறது. "கண்டறிந்தது" என்ற தலைப்பின் கீழ், காணாததை அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறது. பொய்ச் சாட்சி சொல்லப் பதின்மூன்று வயதிலேயே பழக்குகின்ற இந்த வித்தைக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்திருக்கின்றோம்.

சுற்றுச்சூழல் பாடத்தின் கதி இதைவிடப் பரிதாபம். சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது. எப்படி வந்தது? புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும், பாம்பைப் பருந்து தின்னும் என்று நான்கு அம்புக்குறி போட்ட படமாக வந்தது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே புல் இருக்கிறது, வெட்டுக்கிளி இருக்கிறது, மழை பெய்தால் தவளை கத்துகிறது. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிய பிள்ளைக்கு, "புத்தகத்தைப் பாருடா" என்று குட்டு விழுகிறது. சுற்றுச்சூழலைப் பார்க்காமல் இருப்பதற்குத் தண்டனையில்லை; பார்ப்பதற்குத்தான் தண்டனை.

1976-ல் செய்த 42-வது திருத்தத்தால், அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் ஊக்கத்தையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிள்ளைகளிடம் கேட்டால் கடமைகள் மொத்தம் 11 என்று சொல்லுவார்கள். அந்தக் கடமையும் மனப்பாடமாகிவிட்டது. இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

காசில்லாமல் என்ன செய்யலாம்?

"சொல்வது எளிது, சாமானுக்குப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். பணமே வேண்டியதில்லை என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்லுகின்றேன்.

முதலாவது, நான்கு முளையும் ஒரு கயிறும். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், கால் மிதிபடாத இடத்தில், ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். மழைக்குப் பிறகு அதில் எத்தனை முளை விடுகிறது, எது பிழைக்கிறது, எதை எது தின்கிறது என்று வாரம் ஒருமுறை பிள்ளைகள் எண்ணி எழுதட்டும். இது சிறுபிள்ளை விளையாட்டு என்று யாராவது சிரித்தால், சார்லஸ் டார்வின் இதையேதான் செய்தார் என்று சொல்லுங்கள். 1857-ல் தம் வீட்டில் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்த களையை ஒவ்வொன்றாகக் குறித்து வந்தார். முளைத்தவை 357. அவற்றில் 295 பெரும்பாலும் நத்தைக்கும் பூச்சிக்கும் இரையாயின. உலகத்தையே கலக்கிய அவருடைய 1859-ம் ஆண்டுப் புத்தகத்தில் அந்த ஆறு சதுர அடி நிலமும் இடம் பெற்றிருக்கிறது. அதே டார்வின், மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய, அதைத் தொட்டியில் வைத்துத் தம் மகனைக் கொண்டு ஊதுகுழல் வாசிக்கச் செய்தார். புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து வாசித்ததும் வளைக்குள் ஓடிற்று. காதில்லை, அதிர்வு தெரிகிறது என்று முடிவு கட்டினார். நம்மூரில் ஒரு உபாத்தியாயர் மண்புழுவுக்கு நாதஸ்வரம் வாசித்துக் காட்டினால் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம்.

இரண்டாவது, ஒரு பேனாக்கத்தி. "அத்தி பூத்தாற்போல" என்று நாம் சொல்லுகின்றோம். அத்தி பூப்பதே இல்லை, பூத்தால் அதிசயம் என்பது அதன் கருத்து. அத்திக்காயைப் பிஞ்சாய்ப் பறித்து இரண்டாய் அறுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். உள்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி நிற்பதைப் பார்க்கும். அத்தி ஆண்டுதோறும் பூக்கிறது. பூவை உள்ளே வைத்துப் பூக்கிறது. காயின் நுனியில் உள்ள சிறு துவாரத்தின் வழியாக ஒரு சிறு குளவி, சிறகு முறிய உள்ளே நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. அதன் குஞ்சுகள் வளர்ந்து, பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. குளவி இல்லாவிட்டால் மரத்துக்கு விதையில்லை. மரம் இல்லாவிட்டால் குளவிக்கு வீடில்லை. ஆலுக்கும் அரசுக்கும் இதே கதைதான். பிள்ளை வேண்டி அரசமரத்தைச் சுற்றியவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அதன் காய் ஒன்றை அறுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவதற்குக் கத்தியும் வேண்டாம், ஒரு ஊசியும் காகிதமும் போதும். கூகை அலறினால் சாவு விழும் என்று நம் ஜனங்கள் கல்லெறிகிறார்கள். கூகை எலியை முழுசாய் விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாய்க் கக்கிவிடும். பாழடைந்த மண்டபத்திலும் பழைய கட்டடத்திலும் அது தங்கும் இடத்தின் கீழே இந்த உருண்டைகள் கிடக்கும். கூட்டைக் கலைக்காமல் எடுத்து வந்து, சில நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, ஊசியால் பிரித்துப் பார்க்கட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். எலியின் மண்டையோடும் தாடையும் பல்லும் வரும். சில உருண்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மண்டையோடு இருக்கும். அவற்றை எண்ணிய பிள்ளையிடம் போய்க் கூகை எமனுடைய தூதன் என்று சொல்லிப் பாருங்கள். "ஆமாம், எலிக்கு எமன், எங்கள் நெல்லுக்குக் காவல்" என்று சொல்லும். மூட நம்பிக்கையைக் கண்டித்து நான் பேசும் நூறு பேச்சு செய்யாததை அந்த ஒரு உருண்டை செய்துவிடும்.

நான்காவது, குளத்து வேலம்பாசியும் ஒரு கண்ணாடி டம்ளரும். பாசியை நீரில் வைத்து வெயிலில் வைத்தால் குமிழி விடும். நிழலுக்கு மாற்றினால் குறையும். மறுபடி வெயிலில் வைத்தால் மறுபடி விடும். நாம் மூச்சுவிடும் பிராணவாயு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு முக்கியமான சங்கதி. செய்து பார்த்தால் எப்போதும் சரியான முடிவே வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெல்ஜியம் பிரதேசத்து வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுவதும் நீராலானது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சாயிற்று. மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்பது சரி. முழுவதும் நீர் என்பது தப்பு. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அடைத்த பாத்திரத்தில் கெட்டுப்போன காற்றைச் செடி சரிப்படுத்துகிறது என்று 1771-ல் பிரீஸ்ட்லி கண்டார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று 1779-ல் இன்கன்ஹவுஸ் காட்டினார். முன்னவர் தப்பைப் பின்னவர் திருத்தினார். யாரும் யாரையும் பாவி என்று சொல்லவில்லை. புராணத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள பேதம் இதுதான். புராணத்தில் தப்பு இருக்கக் கூடாது; இருந்தால் அர்த்தத்தை மாற்றிச் சொல்லிச் சமாளிக்க வேண்டும். விஞ்ஞானத்தில் தப்பு வந்தால் அதுவே அடுத்த சோதனைக்கு வழி. தன் கையால் செய்து, தானே ஒரு தப்பைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு இது விளங்கும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு நாளும் விளங்காது.

நடக்காத காரியமா?

"உபாத்தியாயருக்கே எல்லாம் தெரியாதே, பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். "தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்வது! விஞ்ஞான வகுப்பில் இதைவிட உயர்ந்த வாக்கியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இது ஏட்டுச் சுரைக்காயுமல்ல, செய்து காட்டப்பட்டிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் ஹோசங்காபாத் ஜில்லாவில், 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிக்கூடங்களில் இப்படியொரு விஞ்ஞானக் கல்வியை ஆரம்பித்தார்கள். கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும் ரசூலியா கிராமத்துப் பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் முன்னின்றன; பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் விஞ்ஞானிகளும் வந்து உதவினார்கள். இருந்தவை பெரும்பாலும் ஏழைக் கிராமத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்கள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாய் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போய்ப் பார்த்து வந்தார்கள். வகுப்பில் சோதனை செய்து, கண்டதைத் தாங்களே எழுதினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைப் பரீட்சையும் உண்டு. சவாலிராம் என்ற கற்பனைப் பெயருக்குக் கடிதாசி எழுதி எந்தக் கேள்வியும் கேட்கலாம், பதில் வரும். 1978-ல் இது ஜில்லா முழுவதற்கும் பரவிற்று. 1982-ல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் ஏற்பட்டு இதை மேலும் பல ஜில்லாக்களுக்குக் கொண்டுபோயிற்று. முப்பது ஆண்டு நடந்த இந்தக் காரியத்தை 2002-ல் அந்த மாநில சர்க்கார் நிறுத்திவிட்டது. சர்க்கார் என்ன சமாதானம் சொன்னபோதிலும், கிராமத்துப் பிள்ளை கையால் கற்கும் வழி ஒன்று அடைபட்டது என்பது பொய்யாகிவிடாது. கதையில் ஏகலைவனுடைய கட்டை விரலைக் குருதான் கேட்டான். இங்கே சர்க்காரே கேட்டு வாங்கிக்கொண்டது.

கையைக் கேவலமாய் நினைக்கும் புத்தி

இந்த எதிர்ப்புக்கெல்லாம் அடியில் ஒரு பழைய விஷம் இருக்கிறது. வாயால் ஓதுவது உயர்ந்தது, கையால் செய்வது தாழ்ந்தது என்று பல நூற்றாண்டுகளாக இந்த நாட்டில் சொல்லி வைத்துவிட்டார்கள். மண்ணைத் தொட்டவன், தோலைத் தொட்டவன், மீனைத் தொட்டவன் எல்லாம் கீழ். எதையும் தொடாமல் ஒப்புவித்தவன் மேல். அந்தப் புத்திதான் இன்றும் வகுப்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதும் என்று தெரியும். மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று தெரியும். இதையெல்லாம் அறிவு என்று பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புவிக்கத் தெரியாததனால் அவனுக்கு மக்கு என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சியில் உட்கார வைக்கிறது. அதே வகுப்பை ஒரு நாள் குளக்கரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கடைசி பெஞ்சி முதல் பெஞ்சியாகிவிடும். முதல் மார்க் வாங்கும் பிள்ளை அவனிடம் போய், "இது என்ன செடி?" என்று கேட்கும். பெண் குழந்தைகளைக் குளத்தங்கரைக்கும் தோப்புக்கும் அனுப்ப வேண்டாம் என்று தடுக்கும் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றேன்: அன்று கூட்டத்தில் என்னைத் திருத்தியது ஒரு பெண் குழந்தைதான்.

அந்தப் பாட்டில்கள் என்ன ஆயின என்று வாசகர்கள் கேட்கலாம். அடுத்த மாதம் அந்த ஊர்ப் பக்கம் போனபோது விசாரித்தேன். பார்வையிட வந்த மேலதிகாரி, "பள்ளிக்கூடத்திலே கொசு வளர்க்கிறீர்களா? பாடம் எத்தனை பாக்கி?" என்று கேட்டாராம். பாட்டில்கள் குப்பைக்குப் போய்விட்டன. உபாத்தியாயினி மிச்சப் பாடத்தை ஒப்புவிக்க வைத்துக்கொண்டிருந்தார். துணி கட்டிய பாட்டிலில் இருந்து ஒரு கொசுவும் வெளியே வந்ததில்லை என்பதையும், அந்தப் பள்ளிக்கூடத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியே இல்லை என்பதையும் அந்த அதிகாரி பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கத்தை அவருக்கும் எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை போலும்.

ஆகவே தோழர்களே! சர்க்காரை நாம் கேட்க வேண்டியது, பாடத்தைப் பாதியாய்க் குறைத்தாலும் பார்ப்பதற்கும் செய்வதற்கும் நேரம் கொடு, அதற்கு மார்க்கும் கொடு என்பதுதான். பெற்றோர்கள், "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டும். உபாத்தியாயர்கள் பீரோவின் சாவியை வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் கயிறும் பாட்டிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கின்றோம். அங்கே பத்திரிகை கிடக்கிறது, தலைவர்கள் படம் தொங்குகிறது. கூடவே துணி கட்டிய இரண்டு பாட்டிலும், ஒரு பூதக்கண்ணாடியும், பிள்ளைகள் எழுத ஒரு நோட்டும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு நாம் பிரசங்கம் செய்ய வேண்டாம். அவர்கள் கண்டதைச் சொல்லட்டும், நாம் கேட்போம். கடவுள் இல்லை என்று நாம் சொன்னதற்காக நம்பும் பிள்ளை, நாளைக்கு வேறொருவன் இருக்கிறான் என்று சொன்னால் அதையும் நம்பும். எதையும் துணி கட்டியும் கட்டாமலும் வைத்துப் பார்க்கப் பழகிய பிள்ளையை எவனும் ஏமாற்ற முடியாது. நாமும் ஏமாற்ற முடியாது.

நான் இப்போதும் கொசுவைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகின்றேன். பேசுவதற்கு முன் என் வீட்டுத் தொட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் புறப்படுகின்றேன்.